ஸ்பெயினின் கல்லில் எந்த ஸ்பெயின்?

1950களில் ஸ்பெயினில் இரண்டு பெரிய தேவாலயங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒன்று மாட்ரிட்டுக்கு வடமேற்கே குவாதர்ராமா மலையில், சர்வாதிகாரி பிராங்கோவின் நேரடி உத்தரவில் பாறையைக் குடைந்து கட்டியது. இன்னொன்று வடக்கே, பாஸ்க் நாட்டின் ஒஞாத்தி ஊருக்கு மேலே, அராந்சாசு என்ற மலைத் தலத்தில் பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டியது. இரண்டின் முகப்பிலும் இன்று இருப்பது ஒரே காட்சி: இறந்த மகனோடு மாதா. பிராங்கோவின் தேவாலயம் 1959 ஏப்ரல் 1 அன்று, உள்நாட்டுப் போரில் அவர் வென்ற இருபதாவது ஆண்டு நாளில், ஆர்ப்பாட்டமாகத் திறக்கப்பட்டது. அராந்சாசுவின் முகப்புச் சிற்பத்துக்குத் திருச்சபையே தடை போட்டது. அது சுவரேற 1969 ஆகிவிட்டது.

ஸ்பெயினின் இன்றைய கல் சிற்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘ஸ்பானிய அடையாளம்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கல்லுக்குக் கல் போய்ப் பார்த்தால் அங்கே கிடைப்பது பாஸ்க் அடையாளம், கலீசிய அடையாளம், கட்டலான் அடையாளம். ஒட்டுமொத்த ஸ்பெயினையும் ஒரே கல்லில் சொல்ல அந்த நூற்றாண்டில் நடந்த மிகப் பெரிய முயற்சி பிராங்கோவுடையது. அது எப்படிச் சொன்னது என்று பார்த்தால்தான் பிறகு வந்தவர்கள் ஏன் வேறு பக்கம் திரும்பினார்கள் என்பது புரியும்.

‘வீழ்ந்தோர் பள்ளத்தாக்கு’ என்று பெயர் வைத்த அந்த இடத்தில் 1940இல் வேலை தொடங்கியது. தோற்ற குடியரசுத் தரப்பின் கைதிகள், தண்டனைக் குறைப்புக்காக அங்கே பாறை உடைத்தார்கள். மலை உச்சியில் 150 மீட்டர் உயரச் சிலுவை. அதன் அடியில் நற்செய்தி எழுதிய நால்வரின் சிலைகள், ஒவ்வொன்றும் 18 மீட்டர். செதுக்கியவர் ஹுவான் தே ஆவலோஸ். வேடிக்கை என்னவென்றால், போருக்கு முன்பு அவர் சோஷலிசக் கட்சி உறுப்பினர். வெற்றி பெற்றவர்களின் ஆட்சியில் வேலையிழந்து போர்ச்சுகலுக்குப் போனவர். பிராங்கோ அவருடைய சிலைகளைப் பார்த்துப் பிடித்துப்போய் இந்த வேலையைக் கொடுத்தார்.

மலை முழுக்கக் கருங்கல். ஆனால் சிலைகளுக்கு சரகோசா பக்கம் கலத்தொராவோவில் வெட்டும் கறுப்புச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டுவந்தார்கள். தசை முறுக்கேறிய உடல்கள், கனத்த புருவங்கள், மைக்கலாஞ்சலோவை ஊதிப் பெருக்கியது போன்ற அளவு. கறுப்பு நிறம் துக்கத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. மலைப்பனிக்குப் பொருத்தமாக இல்லை. உறைவதும் உருகுவதுமாக இருக்கும் குளிரில் கல் விரிசல் விட்டுத் துண்டு துண்டாக உதிர ஆரம்பித்தது. 2010இல் மாதா சிலையைக் கழற்றிப் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியதும் அதுவே அரசியல் சண்டையானது. சீர்செய்கிறோம் என்றது அரசு, சிதைக்கிறீர்கள் என்றார்கள் பிராங்கோ விசுவாசிகள். உள்ளே 33,000 பேருக்கும் மேல் புதைந்திருக்கிறார்கள். அதில் பெரும் பகுதி குடும்பத்தாரிடம் கேட்காமலே கூட்டுப் புதைகுழிகளிலிருந்து அள்ளிவந்த உடல்கள், தோற்ற தரப்பினரின் உடல்களும் சேர்த்து. 2019 அக்டோபரில் பிராங்கோவின் சடலத்தை அங்கிருந்து எடுத்தார்கள். 2022இல் வந்த சட்டம் இடத்தின் பெயரையே குவெல்காமூரோஸ் பள்ளத்தாக்கு என்று மாற்றியது. சிலைகளை என்ன செய்வது என்பதில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை.

பெரிய உடல், வீர முகம், சிலுவை, கல். இந்த நான்கையும் சேர்த்து ‘இதுதான் ஸ்பெயின்’ என்று ஒரு ஆட்சி நாற்பது ஆண்டு சொன்ன பிறகு, மானமுள்ள ஒரு சிற்பியால் அதே மொழியில் எதுவும் சொல்ல முடியாமல் போனது என்பது என் கணிப்பு. போருக்கு முன்பு நிலைமை வேறு. தொலேதோவில் பிறந்த, ரொட்டி சுடும் தொழிலாளியாக இருந்த அல்பெர்த்தோ சான்செஸ், மாட்ரிட்டின் ஓரத்து வயேகாஸ் மேடுகளில் நடந்து நடந்து, மண்ணும் பாறையும் உழவுச் சாலும் தந்த வடிவங்களை எடுத்துக்கொண்டார். 1937 பாரிஸ் கண்காட்சியில் ஸ்பெயின் அரங்கின் வாசலில் நின்றது அவருடைய 12.5 மீட்டர் தூண் சிற்பம். ‘ஸ்பானிய மக்கள்’ என்று தொடங்கும் தலைப்பை அவரால் கூச்சமில்லாமல் வைக்க முடிந்தது. அடுத்த ஆண்டு மாஸ்கோ போனவர், 1962இல் அங்கேயே இறந்தார். அந்த வழி அப்படியே அறுந்துபோனது.

சரி, அராந்சாசுவுக்கு வருவோம். 1950இல் கட்டடத்தின் வடிவமைப்பை சாயென்ஸ் தே ஒய்சா, லவோர்கா என்ற இரு கட்டடக் கலைஞர்களும், முகப்புச் சிற்பங்களை ஹோர்ஹே ஒத்தெய்சாவும் பெற்றார்கள். ஒத்தெய்சா 1908இல் ஓரியோ என்ற மீன்பிடி ஊரில் பிறந்தவர். 1935 முதல் 1948 வரை தென் அமெரிக்காவில் இருந்து, அங்குள்ள பழங்குடிகளின் பெருங்கற்கால உருவங்களைப் படித்துவிட்டுத் திரும்பியவர். முகப்பின் குறுக்கே அவர் வரைந்தது 14 சீடர்களின் வரிசை. விவிலியத்தில் 12 பேர்தானே என்று கேட்டவர்களுக்கு நேரான பதில் கடைசிவரை கிடைக்கவில்லை.

எண்ணிக்கையைவிட உடல்கள்தான் பிரச்சினையானது. ஒவ்வொரு சீடரும் நெஞ்சிலிருந்து வயிறுவரை குடைந்து திறந்திருக்கிறார், கீறிச் சுத்தம் செய்த மீனைப் போல. உள்ளே ஒன்றுமில்லை. தோள்கள் ஒன்றோடொன்று இடிக்க, முகங்கள் சாய்ந்தும் திரும்பியும், கல்லில் குழிந்த இடமெல்லாம் நிழல் நிரம்பிக் கிடக்கிறது. பிறருக்காகத் தன்னையே கொடுத்துக் காலியானவர்கள் இவர்கள் என்பது ஒத்தெய்சாவின் விளக்கம். ஆயருக்கு அது எட்டவில்லை. 1954இல் வேலை நின்றது. அடுத்த ஆண்டு ரோமின் புனிதக் கலைக் குழுவும் வேண்டாம் என்றுவிட்டது. பாதி செதுக்கிய சீடர்கள் சாலையோரம் படுத்தபடியே மழையில் நனைந்தார்கள், ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள்.

இடையில் இரண்டு விஷயங்கள் மாறின. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பெருங்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையின் காற்றோட்டத்தை மாற்றியது. பாஸ்க் மொழியும் பண்பாடும், பிராங்கோவின் அடக்குமுறைக்கு நடுவிலும், மறுபடி தலைதூக்கின. 1968இல் ஒத்தெய்சா உளியை மறுபடி கையில் எடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் பாஸ்க் மொழிக் கழகம் அதே அராந்சாசுவில் கூடி, சிதறிக் கிடந்த வட்டார வழக்குகளுக்குப் பொதுவான ஓர் எழுத்துமொழியை உருவாக்க முடிவு செய்தது. எழுத்துமொழிக்கும் சிற்பத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் ஒரே மலையில் ஒரே ஆண்டில் இரண்டும் நடந்ததை இன்றைய பாஸ்க் மக்கள் ஒரே கதையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1969இல் சீடர்களுக்கு மேலே, வெறும் சுவரின் உயரத்தில், மாதா வந்தார். ஆவலோஸின் மாதா மகனை மடியில் தாங்கிக் குனிந்திருக்கிறார். ஒத்தெய்சாவின் மாதா மகனைக் காலடியில் கிடத்திவிட்டு, தலையை மேலே தூக்கி வானத்தைக் கேள்வி கேட்கிறார். அடக்குமுறையின் அந்த ஆண்டுகளில் அதை வெறும் விவிலியக் காட்சியாகப் பார்த்த பாஸ்குகள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

இந்தக் குழிவு ஒத்தெய்சாவுக்கு எங்கிருந்து வந்தது? அவரைக் கேட்டால் வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டங்களைக் காட்டுவார். பாஸ்க் மலைகளில் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே முழங்கால் உயரக் கற்களை வட்டமாக நட்ட ஈமச் சின்னங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்த வட்டத்தின் நடுவிலுள்ள வெறுமைதான் பாஸ்க் மனதின் மூலவடிவம் என்று 1963இல் ஒரு நூலே எழுதினார். 1957இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ பியனால் கலைக் கண்காட்சியில் சிற்பத்துக்கான பெரிய பரிசு வாங்கிய மனிதர், வெறுமையை எட்டிவிட்டேன், இனிச் செதுக்க எதுவுமில்லை என்று 1959 வாக்கில் சிற்பத்தையே கைவிட்டவர். நவார்ராவின் அகீஞா குன்றில், பாஸ்க் இசை திரட்டிய ஒரு பாதிரியாரின் நினைவாக அவர் 1959இல் நிறுத்திய கறுப்புக் கல்லைப் பார்த்தால் அவர் சொல்வது விளங்கும். தட்டையான உயரமான கல், அதன் முகத்தில் ஆழமில்லாத ஒரு வட்டக் குழிவு. சற்றுத் தள்ளி உண்மையான பழைய கல்வட்டங்கள். எது புதியது, எது பழையது என்ற கேள்வியே அங்கே அர்த்தமில்லாமல் போகிறது.

அவருடைய கோட்பாட்டை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. இறந்தவரை எரித்த சாம்பலை வைத்த வட்டத்திலிருந்து ஓர் இனத்தின் ஆன்மாவைக் கண்டுபிடிப்பது தொல்லியலாகாது. கல்வட்டங்கள் ஐரோப்பாவின் பல மூலைகளிலும் உண்டு. பாஸ்குகளுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. ஆனால் பிராங்கோவின் மன்னர்களும் சிலுவைகளும் ஆள்கிற வரலாற்றுக்குள் இடம் கிடைக்காதவர்கள், அந்த வரலாறு தொடங்குவதற்கு முன்பே தங்களுக்கு ஒரு முகவரி இருந்தது என்று காட்டப் பெருங்கற்காலத்துக்குப் போனார்கள். கலை அரசியலாக அது கெட்டிக்காரத்தனமான நகர்வு. தேசியவாதத்தின் பழைய தந்திரமும் அதுதான். இரண்டும் உண்மை.

ஒத்தெய்சாவோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் பெயர் எதுவார்தோ சில்லிதா (1924–2002). சான் செபஸ்தியான்காரர், இளம் வயதில் ரியல் சோசியதாத் கால்பந்து அணியின் கோல்காப்பாளர், முழங்கால் அடிபட்டதால் மைதானத்தை விட்டவர். பாரிசில் கிரேக்கச் சிலைகளின் பாதிப்பில் சுதையில் உருவங்கள் செய்து சலித்துப்போய், 1951இல் ஊர் திரும்பிக் கொல்லன் பட்டறையில் இரும்பைப் பிடித்தார். முதல் அருவச் சிற்பத்துக்கே பாஸ்க் கல்லறைகளின் நடுகற்கள்தான் ஆதாரம். 1960களில் கிரேக்கப் பயணத்துக்குப் பிறகு ஆலபாஸ்டர் கல்லுக்கு வந்தார். பளிங்கைவிட மென்மையான, ஒளியை உள்ளே வாங்கிக்கொள்ளும் கல் அது. அரகோன் பகுதியில் பழைய தேவாலயங்களின் பீடச் சிற்பங்களுக்கும் சில இடங்களில் சன்னல் கண்ணாடிக்குப் பதிலாகவும் பயன்பட்டது. பின்னாளில் பெரிய கருங்கல் பாளங்களை எடுத்து, வெளிப்புறத்தைக் குவாரியில் பிளந்த கரடுமுரடோடு அப்படியே விட்டுவிட்டு, உள்ளே மட்டும் கச்சிதமான சதுர அறைகளை வெட்டினார். எட்டிப் பார்த்தால் அது ஓர் ஆளில்லாத வீடு. எர்னானியில் அவருடைய தோட்ட அருங்காட்சியகத்தில் இவற்றைப் பார்க்கலாம். 2000இல் திறந்து, சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2019இல் மறுபடி திறந்த இடம்.

வெறுமை என் கண்டுபிடிப்பு, சில்லிதா திருடிவிட்டார் என்று ஒத்தெய்சா ஆண்டுக்கணக்கில் திட்டித் தீர்த்தார். 1997இல் இருவரும் கட்டிப்பிடித்துச் சமாதானமானார்கள். சண்டையை விடுங்கள், நோக்கத்தில் இருந்த வேறுபாடு முக்கியம். ஒத்தெய்சாவுக்குக் கல் பாஸ்க் இனத்தின் சாட்சி. சில்லிதாவோ தன்னை ஒரு மரமாகச் சொல்லிக்கொண்டவர்: வேர் ஒரு நாட்டில், கிளைகள் உலகத்துக்கு.

(பாஸ்குகளின் கல் மோகம் சிற்பத்தோடு நிற்பதில்லை. கல் தூக்குவது அங்கே ஊர்த் திருவிழாப் போட்டி. 1987இல் முதன்முதலாக 300 கிலோ கல்லைத் தோளேற்றிய இனாக்கி பெருரேனா, லெய்த்சாவில் கல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைத்து, தானும் சிற்பங்கள் செய்து வெளியில் நிறுத்தியிருக்கிறார்.)

வடமேற்கு மூலையில் கலீசியா. அங்கே கதை வேறு மாதிரி, ஏனென்றால் அங்கே கல் சித்தாந்தமாவதற்கு முன்பே பிழைப்பாக இருந்தது. வீடு, தானியக் களஞ்சியம், வேலி, வழிச் சந்திகளில் நிற்கும் கல் சிலுவைகள், எல்லாமே கருங்கல். பொந்தெவெத்ரா பக்கத்துக் கல்தச்சர்கள் கூட்டமாக நடு ஸ்பெயினின் காஸ்தீலுக்கும் போர்ச்சுகலுக்கும் வேலைக்குப் போய், முதலாளிக்குப் புரியாதபடி தங்களுக்குள் பேச ஒரு ரகசிய மொழியே வைத்திருந்தார்கள். அதில் பாஸ்க் சொற்கள் ஏராளம். வேலைத்தளத்தில் இரு ஊர்த் தச்சர்களும் அருகருகே உளி பிடித்ததன் தடயம். கலீசிய தேசியத்தின் தலைவர் காஸ்தெலாவோ, நாடு கடந்து வாழ்ந்தபோதும் விடாமல் எழுதி முடித்தது அந்தக் கல் சிலுவைகளைப் பற்றிய ஆய்வு. அவர் இறந்த 1950இலேயே அது பியூனஸ் ஐரிஸில் வெளியானது.

பிராங்கோ இறந்த நான்கே ஆண்டில், 1979இல், பொய்யோவில் கல்தச்சர் பள்ளி ஒன்றை மாகாண நிர்வாகம் தொடங்கியது. அழிந்துகொண்டிருந்த கைத்தொழிலை அதுதான் பிடித்து நிறுத்தியது. 1957இல் கம்பாதோஸ் பக்கம் பிறந்த மனோலோ பாஸ், பிரான்சிஸ்கோ லெய்ரோ இருவரும் இந்தத் தொழில் மரபு வாழும் மண்ணிலிருந்து நவீன சிற்பத்துக்குள் நுழைந்தவர்கள். ஆ கொருஞாவில், ரோமானியர் கட்டிய எர்குலெஸ் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மனோலோ பாஸ் 1994இல் நிறுத்திய நெடுங்கற்கள் இருக்கின்றன. ஆளைவிட உயரமான கரட்டுக் கற்கள். ஒவ்வொன்றிலும் சதுரமாக ஒரு சன்னல் குடைந்திருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் அட்லாண்டிக் கடல். பிள்ளைகள் அதில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த வீரனையும், எந்தத் துறவியையும் காணோம். ஒத்தெய்சாவைப் போல இவரும் பெருங்கற்காலத்துக்குத்தான் போனார், ஆனால் கோட்பாடு எழுதவில்லை. எனக்கு இந்த எளிமை பிடித்திருக்கிறது.

1999இல் பொந்தெவெத்ராவில், லெரெஸ் ஆற்றுத் தீவில், 12 கலைஞர்களை அழைத்துக் கருங்கல்லை மையமாக வைத்துச் சிற்பங்கள் செய்யச் சொன்னார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டவர். அமெரிக்கர் ராபர்ட் மாரிஸ், பக்கத்து மோகோர் பாறையில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கீறிய சுழல்வழிக் கோலத்தை அப்படியே நடந்து போகும் அளவில் கல்லால் கட்டினார். கலீசியாவின் மிகப் பழைய அடையாளத்தை ஓர் அமெரிக்கர் பெரிதாக்கிக் காட்டுகிறார், யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. கல்லின் வியாபாரமும் இப்போது அப்படித்தான். பொர்ரீஞோவின் இளஞ்சிவப்புக் கருங்கல் உலகமெங்கும் போகிறது. வீகோ துறைமுகத்தில் இந்தியா, பிரேசில் கற்பாளங்கள் வந்திறங்கி, அதே ஊர் ஆலைகளில் அறுபடுகின்றன.

கட்டலோனியாவில் கல் என்றாலே பார்சிலோனாவின் சக்ராதா பமீலியா தேவாலயம். அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் காவ்தி கட்டிய காலத்துக் கல் அந்த நகரத்தின் மொன்ஜூயிக் குன்றிலிருந்து வந்த மணற்கல். அந்தக் குவாரி 1957இல் மூடிவிட்டது. அதன் பிறகு வெளி மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கல் தருவிக்கிறார்கள். கட்டலான் பெருமையின் சின்னம் என்று கொண்டாடும் கோபுரங்களில் கணிசமான கல் கட்டலானே இல்லை. கிறிஸ்து பிறப்பு முகப்பின் இசைக்கும் தேவதைகளைச் செதுக்கியவர், 1978இல் ஜப்பானிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட எத்சுரோ சோதோ. இதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. சண்டை வந்தது உள்ளூர்க்காரர் மேல். ஜுசெப் மரியா சுபிராக்ஸ் 1987இல் இயேசுவின் துன்பத்தையும் சாவையும் காட்டும் ‘பாடுகளின் முகப்பை’த் தொடங்கி, காவ்தியின் வளைவுகளுக்கு நேர் எதிராக, கோடரியால் வெட்டியது போன்ற கூர் முனைகளும் தட்டைத் தளங்களுமாக உருவங்களைச் செதுக்கினார். சிலுவையில் இயேசு நிர்வாணமாகத் தொங்குகிறார். சிலுவை சுமந்து போனவரின் முகத்தைத் துடைத்த பெண்ணாக மரபு சொல்லும் வெரோனிக்கா ஏந்திய துணியில் அவர் முகம் பதிந்திருக்கிறது; வெரோனிக்காவுக்கோ முகமே கிடையாது. 1990இல் கலைஞர்களும் அறிவாளிகளும் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். சுபிராக்ஸ் உளியைக் கீழே வைக்கவில்லை.

அவருடைய இன்னொரு வேலை அடையாள அரசியலை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. பார்சிலோனாவின் கட்டலோனியா சதுக்கத்தில் 1991இல் வைத்த மசியா நினைவுச் சின்னம். பிரான்செஸ்க் மசியா 1931இல் கட்டலான் குடியரசை அறிவித்து, பிறகு தன்னாட்சி அரசின் தலைவரானவர். அவருக்குக் குதிரைமேல் சிலை வைக்காமல், ஒரு படிக்கட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்தரத்தில் நிறுத்தினார் சுபிராக்ஸ். படிகள் மேலே போகின்றனவா, கீழே இறங்குகின்றனவா என்று சொல்ல முடியாது. கட்டி முடியாத வரலாறு என்று பொருள். அழகான சிற்பம் என்று அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் 2017க்குப் பிறகு, தனிநாட்டு முயற்சி எங்கோ பாதியில் நின்றுபோன நிலையில், அந்த நகரத்தில் அதைவிட நேர்மையான நினைவுச் சின்னம் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, செதுக்கப்படாத ஒரு சிற்பம். ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில், ஃபுவெர்தெவெந்துராவில், திந்தாயா என்றொரு மலை, உயரம் 400 மீட்டர் அளவு. அதற்குள் ஏறத்தாழ 50 மீட்டர் கனசதுர வெற்றிடம் ஒன்றைக் குடைந்து, மேலே வானம் தெரிய இரு துளைகள் விட்டு, உலக மக்கள் அனைவருக்குமான சகிப்புத்தன்மையின் நினைவிடமாக்க வேண்டும் என்பது சில்லிதாவின் பெருங்கனவு. கல்லைச் சேர்ப்பதற்குப் பதில் எடுப்பது என்ற பாஸ்க் சிந்தனையின் உச்சம் அது. அந்த மலையை ஏற்கெனவே குவாரிக்காரர்கள் அரித்துக்கொண்டிருந்தார்கள். சிற்பம் வந்தால் குவாரி நிற்கும் என்பது ஆதரவாளர்களின் வாதம்.

ஆனால் மலை காலியாக இருக்கவில்லை. ஸ்பானியர் வருவதற்கு முன் தீவில் வாழ்ந்த பழங்குடிகள் அதன் பாறைகளில் கீறிய காலடி வடிவங்கள் 200க்கும் மேல் உண்டு. தீவின் சூழலியலாளர்களும் தொல்லியல் ஆர்வலர்களும், இந்தக் கல் ஏற்கெனவே பேசிவிட்டது, வெளியூர்ச் சிற்பி குடைய வேண்டாம் என்று எழுந்தார்கள். வழக்குகள் வந்தன, அரசுப் பணம் கைமாறியதில் ஊழல் புகார்களும் வந்தன. 2002இல் சில்லிதா இறந்த பிறகும் அரசாங்கங்கள் திட்டத்தை அவ்வப்போது தூசி தட்டி எடுத்துப் பார்த்தன, தோண்டியபாடில்லை. சில்லிதாவின் மேல் எவ்வளவோ மதிப்பு வைத்திருந்தாலும் இதில் நான் தீவுக்காரர்கள் பக்கம். தன் மக்களின் பழங்கற்களைக் காட்டி அடையாளம் தேடிய தலைமுறை அது. அடுத்தவர் மூதாதையின் கால்தடம் பதிந்த பாறையை மட்டும் வெறும் மூலப்பொருளாகப் பார்க்க அதற்கு என்ன நியாயம் இருக்கிறது?